புவிக்கோளமும் பூமியின் மற்ற கோளங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவிக்கோளம் என்பது சரியாக எது? பாறை மட்டுமா?

காலுக்குக் கீழே இருக்கும் மண்ணில் தொடங்கி, 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள பூமியின் மையம் வரை எல்லாமே புவிக்கோளம்தான். மேலே இருப்பது மேலோடு. கண்டங்களுக்கு அடியில் அது பொதுவாக 30 முதல் 50 கி.மீ. தடிமன், கடலுக்கு அடியில் ஏழு கி.மீ. அளவுதான். அதன் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை கவசம். கவசம் திடப்பொருள்தான், ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் மெல்ல ஓடவும் செய்கிறது. அதற்கும் கீழே இரும்பும் நிக்கலும் சேர்ந்த கருவம். அதன் வெளிப்பகுதி உருகிய நிலையிலும் உள்பகுதி திடமாகவும் இருக்கின்றன.

பாறைக்கோளம் என்று படித்திருப்பீர்கள். அது இதில் ஒரு பகுதி: மேலோடும் அதோடு சேர்ந்து நகரும் கவசத்தின் உச்சிப் பகுதியும். மற்ற கோளங்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் இந்த மேல்விளிம்பில்தான். கருவம் வரை போகும் விஷயம் ஒன்றும் உண்டு, அது காந்தப்புலம் பற்றிய கேள்வியில் வருகிறது.

மொத்தம் நான்கு கோளங்களா, ஐந்தா?

புவிக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று நான்கு. பனியைத் தனியாகப் பிரித்தால் பனிக்கோளம் ஐந்தாவது. தேர்வுக்குப் படிப்பவர் என்றால் உங்கள் பாடநூல் சொல்லும் எண்ணிக்கையை எழுதிவிடுங்கள், அதில் சண்டை வேண்டாம். ஒரு பிடி மண்ணில் பாறைத்துகளும் நீரும் காற்றும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அந்த மண் எந்தக் கோளத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் யாராலும் ஒற்றைப் பதில் சொல்ல முடியாது.

கோளங்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றன என்கிறார்களே, உண்மையில் எதைப் பரிமாறிக்கொள்கின்றன?

பொருளையும் ஆற்றலையும். எரிமலை வாயு காற்றில் கலக்கிறது, ஆறு மலையைக் கரைத்துக் கடலில் கொட்டுகிறது, செடியின் வேர் பாறையிலிருந்து பொட்டாசியத்தை எடுக்கிறது. இவையெல்லாம் பொருள் கைமாறுவது. மூன்றாவதாக எடையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பனியும் நீரும் நிலத்தின் மீது அமர்வதும் விலகுவதும் நிலத்தை வளைக்கின்றன. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆற்றல் கணக்கில் ஒரு வியப்பு இருக்கிறது. பூமியின் உள்ளிருந்து மேலே கசியும் வெப்பம் மொத்தம் ஏறத்தாழ 47 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது ஒரு லட்சம் கோடி வாட்). சூரியனிடமிருந்து பூமிக்கு வருவதோ சுமார் 1,73,000 டெராவாட். இரண்டையும் அருகருகே வைத்தால் உள்வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. தரையின் வெப்பநிலையைத் தீர்மானிப்பதில் அதற்குக் கிட்டத்தட்டப் பங்கே கிடையாது. அப்படியிருந்தும் கண்டங்களை நகர்த்துவதும் இமயமலையை எழுப்பியதும் அதே சிறிய கசிவுதான். எப்படி? அவசரமே இல்லாமல், கோடிக்கணக்கான ஆண்டுகளாக.

அதனால் இந்தப் பொருளில் எந்தக் கேள்வி வந்தாலும் "எவ்வளவு காலத்தில்?" என்று கூடவே கேட்டுக்கொள்வது நல்லது. விடை அடிக்கடி அதில்தான் இருக்கும்.

எல்லாக் கோளங்களும் ஒரே நிகழ்வில் சேர்ந்து வரும் எடுத்துக்காட்டு ஒன்று சொல்ல முடியுமா?

என்னைக் கேட்டால் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டைத்தான் சொல்வேன். ஃபியோர்டு என்பது மலைகளுக்கு இடையே உள்ளே புகுந்திருக்கும் குறுகலான கடற்கழி. 2023 செப்டம்பரில் உலகெங்கும் உள்ள நிலநடுக்கக் கருவிகள் ஒரு விசித்திரமான அதிர்வைப் பதிவு செய்தன. வழக்கமான நிலநடுக்கம் பல அலைவரிசைகள் கலந்து கரகரவென்று வந்து அடங்கிவிடும். இது ஒரே சீராக, ஏறத்தாழ 90 விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில், ஒன்பது நாட்கள் நீடித்தது. என்னவென்று யாருக்கும் புரியவில்லை. ஆய்வாளர்கள் அதற்கு "அடையாளம் தெரியாத நிலநடுக்கப் பொருள்" என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள்.

செயற்கைக்கோள் படங்கள், கள ஒளிப்படங்கள், கணினி மாதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது கதை தெரிந்தது. கிழக்கு கிரீன்லாந்தில் ஒரு மலைச்சரிவின் அடிவாரத்தைப் பனியாறு ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. வெப்பம் கூடக் கூட அந்தப் பனியாறு பத்துப் பத்து மீட்டராக மெலிந்தது. தாங்க ஆளில்லாமல் போன மலை செப்டம்பர் 16 அன்று சரிந்தது. பாறையும் பனியுமாக சுமார் 2.5 கோடி கன மீட்டர் குறுகலான கடற்கழிக்குள் விழுந்து, 200 மீட்டர் உயரத்துக்கு அலையை எழுப்பியது. வெளியேற வழியில்லாத நீர், குடத்து நீர் தளும்புவது போல இரு கரைகளுக்கும் இடையே தளும்பிக்கொண்டே இருந்தது. அந்தத் தளும்பலின் உந்துதல்தான் பூமியின் மேலோட்டை ஒன்பது நாட்கள் அதிரவைத்தது. உயிர்ச்சேதம் இல்லை. சுற்றுலாக் கப்பல்கள் வந்துபோகும் பகுதி அது என்பதால், தற்செயலாகத் தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைப் புவிக்கோளம் நீர்க்கோளத்தைப் பாதித்தது என்று எழுதுவதா, நீர்க்கோளம் புவிக்கோளத்தைப் பாதித்தது என்றா? காற்று சூடானது, பனி மெலிந்தது, மலை விழுந்தது, நீர் எழுந்தது, கடைசியில் மறுபடியும் பாறையே அதிர்ந்தது. அம்புக்குறி போட்டு வரைந்தால் ஒரு வட்டம் வரும். மலை சரிந்தது நிமிடக் கணக்கு, தளும்பல் நாட்கணக்கு, பனி மெலிந்தது பல ஆண்டுக் கணக்கு.

எரிமலை வெடித்தால் பூமி சூடாகுமா, குளிருமா?

பெரிய வெடிப்பு என்றால் ஓரிரு ஆண்டுகளுக்குக் குளிரும். பலரும் சாம்பல்தான் சூரியனை மறைக்கிறது என்று நினைக்கிறார்கள். சாம்பல் கனமானது, சில நாட்களில் அல்லது வாரங்களில் விழுந்துவிடும். உண்மையான காரணம் கந்தக டை ஆக்சைடு. அது மழைமேகங்கள் எட்டாத அடுக்கு மண்டலத்துக்குப் போய், நீரோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறுகிறது. அந்தத் துளிகள் உலகையே சுற்றிப் பரவி, ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூன் 15-ல் வெடித்தபோது இப்படி 1.5 முதல் 2 கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடு மேலே போனது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததற்கு அடுத்த ஆண்டு வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது, ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்தது. 1816-ஐ "கோடை இல்லாத ஆண்டு" என்றே வரலாறு சொல்கிறது.

பினாட்டுபோவில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது, அது அதிகம் பேசப்படுவதில்லை. வெடித்த அதே நாளில் யூன்யா என்ற சூறாவளி அந்த வழியாகக் கடந்தது. மழையில் ஊறிய சாம்பல் கூரைகள் மீது பாரமாக இறங்கியது. வெடிப்பின்போது இறந்தவர்களில் பெரும்பாலோர் கூரை இடிந்து இறந்தவர்கள். அப்புறம் பல ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலையில் கிடந்த சாம்பல் சேற்று வெள்ளமாக இறங்கி ஊர்களை மூடியது.

எல்லா வெடிப்பும் ஒரே மாதிரி இல்லை. 2022 ஜனவரியில் டோங்கா அருகே கடலடியில் வெடித்த ஹுங்கா எரிமலை, கந்தகத்தைவிட நீராவியைத்தான் அள்ளிக் கொட்டியது. சுமார் 14.6 கோடி டன் நீராவி, அதாவது அடுக்கு மண்டலத்தில் ஏற்கெனவே இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. நீராவி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்பதால், இதன் நிகர விளைவு சூடா குளிரா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் விவாதித்தார்கள்.

மனிதர்களைவிட எரிமலைகள்தான் அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன என்பது உண்மையா?

இல்லை. நிலத்திலும் கடலடியிலும் உள்ள எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடுவது 50 கோடி டன்னுக்கும் குறைவு என்பதே பெரும்பாலான மதிப்பீடு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் வழியாக நாம் விடுவது ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கும் மேல். ஒப்பிடவே வேண்டியதில்லை.

பாறை எப்படிக் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும்?

இந்தப் பொருளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மழைநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாக விழுகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் அங்கே அமிலம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. இந்த அமிலம் கிரானைட், பசால்ட் போன்ற சிலிகேட் பாறைகளை மெல்ல அரிக்கிறது. அப்போது கால்சியமும் மக்னீசியமும் பாறையை விட்டுக் கரைந்து வருகின்றன. காற்றிலிருந்து வந்த கார்பன் பைகார்பனேட்டாக மாறி அவற்றோடு ஆற்றில் கடலுக்குப் போகிறது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சிப்பிகளும் பவளங்களும் அவற்றை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை இறந்ததும் ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன. இப்படி நேற்று காற்றில் இருந்த கார்பன் நாளை பாறையில் இருக்கும். அந்த நாளைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், அவ்வளவுதான்.

பிறகு புவித்தட்டுகளின் (பாறைக்கோளம் பிளந்து கிடக்கும் பெரும் துண்டுகளின்) நகர்வு அந்தப் பாறையின் ஒரு பகுதியைக் கவசத்துக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே வெந்து, எரிமலை வழியாகக் கார்பன் மீண்டும் காற்றுக்கு வருகிறது.

இதில் அழகு எங்கே இருக்கிறது என்றால், பூமி சூடானால் இந்த அரிப்பு வேகமெடுக்கும். மழை கூடும், வேதிவினை விரைவாகும், கார்பன் அதிகம் வெளியேறும், பூமி குளிரும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும், எரிமலை விடும் கார்பன் காற்றில் சேரும், பூமி மீண்டும் சூடாகும். சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனின் ஒளி இப்போதைவிட 30 விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்தது. அப்படியிருந்தும் பூமியில் மிகப் பழைய காலத்திலேயே திரவ நீர் இருந்ததற்கு இந்தச் சீராக்கி ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி முழுவதும் அல்லது பெரும்பகுதி பனியால் மூடியபோதும் இதுதான் காப்பாற்றியிருக்க வேண்டும். பனிக்கு அடியில் பாறை அரிப்பு கிட்டத்தட்ட நின்றுபோனது. எரிமலைகள் நிற்கவில்லை. காற்றில் கார்பன் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பனி உருகியது.

அப்படியென்றால் இன்றைய புவி வெப்பமாதலையும் பூமியே சரிசெய்துகொள்ளும்தானே?

செய்யும். ஆனால் நமக்கு உதவும் வேகத்தில் அல்ல. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் காற்றில் சேர்ந்து பூமியின் வெப்பநிலை 5 டிகிரி அளவுக்கு ஏறியது. கடலடிப் படிவுகளில் அதன் தடயம் தெளிவாக இருக்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. நாம் கார்பனைச் சேர்ப்பது பத்தாண்டுக் கணக்கில், பாறை எடுப்பது லட்சம் ஆண்டுக் கணக்கில். "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்பவர்கள் காலத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பசால்ட் பாறையைப் பொடியாக்கி வயல்களில் தூவி இந்த வினையை விரைவுபடுத்தலாமா என்று சோதனைகள் நடக்கின்றன. வேதியியல் சரிதான். பாறையை வெட்டி, அரைத்து, கொண்டுசேர்க்க ஆகும் ஆற்றலைக் கழித்தபின் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி.

மலை மழையைத் தடுக்கிறது, அது தெரியும். மழையும் மலையை மாற்றுமா?

மாற்றும், நினைப்பதைவிட அதிகமாகவே.

முதலில் தெரிந்த பக்கம். இந்தியத் தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யூரேசியத் தட்டோடு மோதத் தொடங்கியது. இடையில் இருந்த கடலின் அடித்தரை மேலே தூக்கப்பட்டது. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடல்வாழ் உயிர்களின் எச்சம் கலந்த சுண்ணாம்புப் பாறை. இந்தச் சுவர் வடக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்றைத் தடுத்து, தெற்கே வெப்பமும் ஈரமும் சேர வழிசெய்கிறது. பருவமழை இவ்வளவு வலுவாக இருக்க அது ஒரு காரணம்.

இப்போது மறுபக்கம். அந்தப் பருவமழை மலையை இடைவிடாமல் செதுக்குகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அந்த வண்டல் கடலுக்கு அடியில் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு விசிறி போல விரிந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான். மலையின் மேலிருந்து இவ்வளவு பாரம் நீங்கும்போது, அடியில் உள்ள மேலோடு பாரம் குறைந்த அளவுக்கு மேலே எழும்புகிறது. பள்ளத்தாக்கை நீர் ஆழமாக்க, மிஞ்சி நிற்கும் சிகரங்கள் இன்னும் கொஞ்சம் உயரலாம்.

உயிரினங்கள் பாறையை மாற்றுமா? அவை மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலம்தானே?

மெல்லிய படலம்தான், ஆனால் பூமியின் கனிமப் பட்டியலையே மாற்றி எழுதியிருக்கிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள் விட்ட ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே கடலில் கரைந்திருந்த இரும்பு ஆக்சைடாகி அடுக்கடுக்காகப் படிந்துகொண்டிருந்தது. இன்று உலகம் வெட்டி எடுக்கும் இரும்புத் தாதில் பெரும்பகுதி அந்தப் பட்டைப் படிவுகளிலிருந்து வருகிறது. கனிமவியலாளர் ராபர்ட் ஹேசனும் அவரோடு பணியாற்றியவர்களும் 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அறியப்பட்ட கனிம வகைகளில் மூன்றில் இரண்டு பங்கு, நேரடியாகவோ மறைமுகமாகவோ, உயிர் இருந்ததால் உருவானவை என்றது அது. உயிரில்லாத ஒரு கோளில் அந்தக் கனிமங்களைத் தேடினால் கிடைக்காது.

நிலக்கரி பழைய காடு, சுண்ணாம்புப் பாறையில் பெரும்பகுதி பழைய ஓடுகள் என்பதெல்லாம் தெரிந்ததே. எதிர்த்திசையில் ஒன்று மட்டும். 1977-ல் கலாபகோஸ் அருகே ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள், சூரிய ஒளியே எட்டாத ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் குவிந்து வாழ்வதைக் கண்டார்கள். அங்கே உணவுச் சங்கிலி ஒளியில் தொடங்குவதில்லை. பாறையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டு பாக்டீரியாக்கள் உணவு தயாரிக்கின்றன.

பாலைவனத் தூசி காட்டுக்கு உரமாகிறது என்று படித்தேன். மிகைப்படுத்தல் இல்லையா?

அடிப்படை உண்மை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் போடேலே என்ற தாழ்நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் மாபெரும் ஏரியின் அடித்தரை அது. ஏரியில் வாழ்ந்த டயட்டம் என்ற நுண்பாசிகளின் எச்சம் அங்கே வெண்தூளாகக் கிடக்கிறது. காற்று அதைத் தூக்கி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோகிறது. 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகளின்படி, சஹாராவிலிருந்து அமேசான் படுகையில் ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 2.8 கோடி டன் தூசி விழுகிறது. அதில் பாஸ்பரஸ் மட்டும் ஏறத்தாழ 22,000 டன். மழையிலும் வெள்ளத்திலும் அந்தக் காடு இழக்கும் பாஸ்பரசும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆப்பிரிக்கக் காட்டுத்தீயின் புகையும் இதில் கணிசமான பங்கு வகிக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வு சொல்கிறது. அதனால் எல்லாப் பெருமையும் தூசிக்கே என்று எழுத வேண்டாம்.

பனி உருகினால் நிலம் உயரும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. கடந்த பனியுகத்தில் வட ஐரோப்பாவின் மீது மூன்று கி.மீ. வரை தடிமனுள்ள பனி இருந்தது. அந்தப் பாரத்தில் நிலம் கீழே அமிழ்ந்து, அடியில் இருந்த கவசம் பக்கவாட்டில் நகர்ந்தது. பனி போய் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும் நகர்ந்த கவசம் இன்னும் முழுமையாகத் திரும்பி வரவில்லை. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையிலான போத்னியா வளைகுடாப் பகுதியில் நிலம் ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் அளவுக்கு இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. உலகின் மற்ற இடங்களில் கடல் ஏறிவரும் காலத்தில் அங்கே கடலிலிருந்து புதிய தீவுகள் தலைகாட்டுகின்றன.

ஐஸ்லாந்தில் இது எரிமலையோடு போய் முடிந்தது. பனி நீங்கியதும் கவசத்தின் மீதான அழுத்தம் குறைந்தது. அழுத்தம் குறைந்தால் சூடான பாறை எளிதில் உருகும். பனியுகம் முடிந்த காலத்தில் அங்கே எரிமலை வெடிப்புகள் பல மடங்கு அதிகமாக நடந்திருக்கின்றன.

அணையில் நீர் தேக்கினால் நிலநடுக்கம் வருமா?

எல்லா அணையிலும் வராது, சில இடங்களில் வந்திருக்கிறது. அதிகம் பேசப்படும் நிகழ்வு மகாராஷ்டிரத்தின் கொய்னா. 1962-ல் நீர் தேக்கத் தொடங்கிய பிறகு சிறு அதிர்வுகள் பெருகின. 1967 டிசம்பரில் 6.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு, ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். நீரின் எடை ஒரு காரணம் என்றாலும், பிளவுகளுக்குள் ஊடுருவும் நீரின் அழுத்தமே முக்கியம். இறுக்கமாகப் பூட்டிக்கிடக்கும் பிளவின் இரு பக்கங்களையும் அது சற்றுத் தளர்த்திவிடுகிறது. ஏற்கெனவே நழுவத் தயாராக இருந்த பிளவு நழுவுகிறது. அதனால் அணை நிலநடுக்கத்தை உண்டாக்கியது என்பதைவிடத் தூண்டியது என்று சொல்வதே சரி. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதும் இதையேதான் செய்தது. அங்கே 2016-ல் 5.8 அளவு வரை போனது.

நீரின் எடை மட்டும் என்ன செய்யும் என்று பார்க்க அமேசானுக்குப் போக வேண்டும். மனாஸ் நகரில் உள்ள ஜிபிஎஸ் நிலையம், ஆற்றில் வெள்ளம் ஏறும்போது கீழே இறங்கி, வடியும்போது மேலே வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் 5 முதல் 7 செ.மீ. வரை! காலடியில் நிற்கும் திடமான தரை ஆண்டுக்கொரு முறை இவ்வளவு ஏறி இறங்குவது அங்கே யாருக்கும் தெரிவதில்லை.

நிலநடுக்கத்துக்கு முன் ஒருவித வானிலை இருக்கும் என்பது?

இல்லை. பெரும்பாலான நிலநடுக்கங்கள் பல கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகின்றன. மேலே வெயிலா மேகமா என்பது அங்கே தெரியாது. கிழக்குத் தைவானில் சூறாவளி கடக்கும்போது காற்றழுத்தம் இறங்கி, யாராலும் உணர முடியாத மிக மெதுவான நழுவல்கள் தூண்டப்படுவதாக 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. அதை வைத்துக்கொண்டு முன்னறிவிப்பு சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

காந்தப்புலம் எப்படி இந்தக் கணக்கில் வருகிறது?

வெளிக்கருவத்தில் உருகிய இரும்பு சுழன்று ஓடுவதால் காந்தப்புலம் உண்டாகிறது. 2,900 கி.மீ. ஆழத்தில் பிறந்து, வளிமண்டலத்துக்கும் அப்பால் நீண்டு, சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைத் திசைதிருப்புகிறது. அது இல்லாவிட்டால் காற்றே இருக்காது என்று சிலர் எழுதுவது கொஞ்சம் அதிகம். வெள்ளிக்கோளுக்கு அப்படிச் சொந்தக் காந்தப்புலம் இல்லை, ஆனால் அதன் வளிமண்டலம் நம்முடையதைவிட மிக அடர்த்தியானது.

1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒன்பது மணி நேரம் இருளில் தள்ளியது. அங்கே ஏன்? அந்தப் பகுதியின் அடியில் இருப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத மிகப் பழைய பாறை. தரையில் தூண்டப்பட்ட மின்னோட்டம் பாறை வழியே போக முடியாமல் மின்கம்பிகளைத் தேடிக்கொண்டது. சூரியனில் தொடங்கிய புயல் எங்கே மின்தடையாக முடியும் என்பதில் பாறைக்கும் பங்கு இருந்தது.

மனிதர்கள் புவிக்கோளத்தையே மாற்ற முடியுமா, அல்லது மேற்பரப்பைக் கீறுவதோடு சரியா?

நிலத்தடி நீரை எடுத்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பாசனத்துக்காக நீரை இறைத்ததில், 1925-க்கும் 1977-க்கும் இடையில் ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 8.5 மீட்டர் இறங்கியது. துகள்களுக்கிடையே நீர் தாங்கிநின்ற களிமண் அடுக்குகள் நசுங்கிவிட்டன. அவை நசுங்கினால் மீண்டும் விரிவதில்லை. நீரை நிரப்பினாலும் நிலம் பழைய உயரத்துக்கு வராது. ஜகார்த்தா, மெக்சிகோ நகரம் இரண்டும் இதே காரணத்தால் அமிழ்ந்துகொண்டிருக்கின்றன.

கழிமுகங்களில் இன்னொரு சிக்கல். டெல்டா என்பது இயல்பாகவே தன் எடையில் அமுங்கும் நிலம். ஆண்டுதோறும் வரும் புதிய வண்டல்தான் அந்த இறக்கத்தை ஈடுசெய்கிறது. 1970-ல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்தபின் நைல் ஆற்றின் வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. கழிமுகக் கரையைக் கடல் அரிக்கிறது. இதோடு கடல்மட்டமும் ஏறுவதால், செய்தியில் "கடல் உள்ளே வந்தது" என்று வரும் பல இடங்களில் நிலமும் கீழே போயிருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் தீர்வு பேச முடியாது.

நிலநடுக்கம் ஒரு நாளின் நீளத்தையே மாற்றும் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை, ஆனால் அளவைப் பாருங்கள். 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் வந்த 9 அளவுள்ள நிலநடுக்கம், பூமியின் பொருள் பரவலை மாற்றி, அதனால் அதன் சுழற்சியைச் சற்று விரைவாக்கி, நாளின் நீளத்தை 1.8 மைக்ரோவிநாடி குறைத்திருக்கும் என்று நாசாவின் ரிச்சர்ட் கிராஸ் கணக்கிட்டார். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை. காற்றோ, பருவத்துக்குப் பருவம் வேகம் மாறி, மலைகளின் மீது மோதியும் தரையோடு உராய்ந்தும், ஓராண்டுக்குள் நாளின் நீளத்தை ஒரு மில்லிவிநாடி அளவுக்குக் கூட்டிக் குறைக்கிறது. ஒப்பிட்டால் காற்றின் வேலை சில நூறு மடங்கு பெரியது. வளிமண்டலத்தின் மொத்த எடை திடமான பூமியின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்.